சகாயம்மாளின் நம்பர்

மேனாம்பேட்டில் இறங்கி கவுன்சிலர் வீடு எது என்று கேட்டால், சகாயம்மாள் வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "சத்தியராஜ் அண்ணன் ஊடா? நேரா போயி கொடிக்கம்பத்தாண்ட லெப்ட்ல திரும்பு" என்பார்கள். ஓட்டு வாங்கி ஜெயித்தவள் சகாயம்மாள். மாநகராட்சி மன்றத்தில் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்காருகிறவளும் அவள்தான். ஆனால் அதையெல்லாம் ஞாபகம் வைத்து வழி சொல்ல இந்த ஊரில் யாருக்கு நேரம் இருக்கிறது?

அவள் புருஷன் சத்தியராஜுக்கு இருபது வயதிலேயே கட்சி பிடித்துவிட்டது. சில பேருக்குக் குடி பிடிக்கும், சில பேருக்கு சீட்டாட்டம் பிடிக்கும், அவருக்குக் கட்சி. போஸ்டர் ஒட்டினார். மறியலில் பஸ்ஸுக்கு முன்னால் படுத்தார். புழல் சிறையில் கொசுக்கடி வாங்கினார். மாநாடு என்றால் லாரி பிடித்து ஆள் ஏற்றி, புளிசாதப் பொட்டலத்தைத் தானே எண்ணாமல் அள்ளிக் கொடுத்து, கடைசியில் தனக்குப் பொட்டலம் இல்லாமல் பசியோடு திரும்புவார். அப்படியே ஏறி ஏறி வட்டச் செயலாளர் ஆனார். அதற்கு மேல் படி இருந்தது, கால் வைக்கத்தான் யாரும் இடம் கொடுக்கவில்லை.

கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பதவியைச் சொல்லியே கூப்பிடுவார்கள். மாவட்டச் செயலாளர் 'மாவட்டம்', பகுதிச் செயலாளர் 'பகுதி', சத்தியராஜ் 'வட்டம்'. கல்யாணமான புதிதில் சகாயம்மாளுக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "பகுதி வந்துகீது, மாவட்டம் வந்துகினே கீது, டீ போடு" என்று சத்தியராஜ் உள்ளே வந்து சொன்னால், பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தேசப்படம் எழுந்து வந்து வாசலில் நிற்பதுபோல அவளுக்கு இருக்கும். டீ போட்டுப் போட்டு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

கவுன்சிலர் ஆக வேண்டும், அதுதான் சத்தியராஜின் ஒரே ஆசை. எம்.எல்.ஏ. கனவெல்லாம் அவருக்குக் கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போனது. ஒருவழியாக அறிவித்தார்கள். அறிவித்த கையோடு, அவருடைய வார்டு பெண்களுக்கு என்றும் அறிவித்தார்கள்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சகாயம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. அந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் மாவட்டம் போனில் வந்தார். அவர் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கும். "இன்னாய்யா வட்டம், இதுக்குப் போயி இடிஞ்சி குந்திகினு கீறியாமே? ஊட்ல தங்கச்சி கீறாங்க இல்ல? நிறுத்திடு."

சத்தியராஜ் எழுந்து உட்கார்ந்தார். மனைவியைப் பார்த்து, நிற்கிறாயா என்று கேட்கவில்லை. "உன் ஆதார் கார்டு எங்க வெச்சிகீற?" என்று கேட்டார். அவளும் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். முந்தின நாள் பார்த்த முதுகு கண்ணிலேயே இருந்ததால் வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அதற்கு முன்னால் அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது. ஆவடியில் பிறந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை. தைத்து வருகிற சட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிசகு இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். தையல் லைனில் இருந்த ஜமீலாவுக்கும் அவளுக்கும் முதலில் சண்டைதான். "உன் கண்ணுல கொள்ளிய வெக்க, நான் தெச்சதுதான் உனக்கு ஆவாதா?" என்று ஆரம்பித்த சண்டை, சாப்பாட்டு டப்பாவைப் பங்கு போட்டுக்கொள்வதில் போய் முடிந்தது. பிறகு ஜமீலா அதே மேனாம்பேட்டில் இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்து வந்தாள். அவள் புருஷன் தவறிப்போன வருஷம், அவள் மகள் சபீனாவுக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சீவி முடித்து அனுப்பியதெல்லாம் சகாயம்மாள்தான். தன் மகள் ரியாவுக்குச் சீவிய கையோடு அதற்கும் ஒரு பின்னல்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பதும் அவள்தான். கோயில் மைக்கில் அவள் குரல் கணீரென்று வரும். ஒரு சொல்லையும் முழுங்க மாட்டாள். ஃபாதர் மாறினாலும் வாசகத்துக்கு ஆள் மாறவில்லை. பேசத் தெரியாதவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேர்தல் வந்தது. பட்டுப்புடவை, கூப்பிய கை, பக்கத்தில் அதைவிடப் பெரிதாகக் கூப்பிய கையோடு சத்தியராஜ். போஸ்டரில் 'சகாயம்மாள்' சின்னதாகவும் 'சத்தியராஜ்' பெரிதாகவும் இருந்தது. கீழே தொடர்புக்கு ஒரு நம்பர் போட வேண்டும் என்றார்கள். வேட்பாளர் நம்பர்தானே போட வேண்டும்? அவளுடைய நம்பரையே போட்டார்கள். எக்ஸ்போர்ட்டில் முதல் தீபாவளி போனஸ் வாங்கியபோது அவள் எடுத்த நம்பர் அது. அண்ணன் தம்பிகள், கோயில் ஆட்கள், பழைய செக்கிங் செக்‌ஷன் பெண்கள் எல்லோரிடமும் இருந்த நம்பர்.

ஜெயித்தாள். மாலை மேல் மாலையாக விழுந்தது, முக்கால்வாசி சத்தியராஜ் கழுத்தில். அன்றிலிருந்து போன் ஓயாமல் அடித்தது. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை, நாய் கடிக்கிறது, பிறப்புச் சான்றிதழில் பேர் தப்பு. இரண்டு நாள் அவளே எடுத்துப் பேசினாள். மூன்றாம் நாள் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் சத்தியராஜ் போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? யாராண்ட சொல்லணும், எப்டி சொல்லணும்னு எனுக்குத்தான தெரியும். நீ ஊட்டு வேலைய பாரு."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பிரச்சினையே. அதட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவளுக்குப் புதிதாக ஒரு சின்னப் போன் வாங்கிக் கொடுத்தார். அந்த நம்பர் பெங்களூரில் வேலை பார்க்கிற ரியாவுக்கு மட்டும் தெரியும். பழைய நம்பர் சத்தியராஜின் சட்டைப்பைக்குப் போய்விட்டது. அடித்தால் எடுத்து, தொண்டையைச் செருமி, "வணக்கம், கவுன்சிலர் பேசறேன்" என்பார். முப்பது வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த வாக்கியம் அல்லவா, சொல்லும்போது முகமே வேறு மாதிரி ஆகிவிடும். காட்டுப்பாக்கத்திலிருந்து அவருடைய சொந்தத் தங்கச்சி கூப்பிட்டாலும் முதலில் அதைத்தான் சொன்னார். தங்கச்சி பயந்து வைத்துவிட்டாள்.

மழைநீர் வடிகால் வேலை மேனாம்பேட்டுக்கு வந்தது அதற்கடுத்த வருஷம். ஜமீலாவின் தெரு முனையில் ஆளுயரத்துக்குப் பள்ளம் தோண்டி, கம்பி கட்டி, பாதியில் விட்டுவிட்டு கான்ட்ராக்ட் ஆட்கள் வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள். சுவரோரமாக டூவீலர் போகிற அளவுக்கு வழி. ஆட்டோ கூட உள்ளே வராது. அதன்மேல் போடுகிற இரும்புத் தகடு என்னவோ மெயின் ரோட்டோரம் படுத்துக் கிடந்தது. ஜே.சி.பி.யை விட்டுத் தூக்கிவந்து பள்ளத்தின்மேல் போட்டால் முடிந்தது கதை. யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஜமீலா அவளிடம் நேரில் வந்து சொன்னாள். "சகாயம், மழ வர்றதுக்குள்ள ஒரு தகடு போட சொல்லுடி. சபீனா தினம் வண்டியில அந்தாண்டதான் வருது."

சபீனா இப்போது அம்பத்தூரிலேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். சொந்தமாக ஸ்கூட்டி வாங்கியிருந்தாள். முதல் ரவுண்டு சகாயம்மாளைத்தான் பின்னால் உட்காரவைத்துச் சுற்றினாள்.

"நான் கவுன்சிலர் ஆயி உனுக்கு ஒரு தகடு போடமாட்டனாடி?" என்றாள் சகாயம்மாள். சொன்னபோது அதை முழுசாக நம்பித்தான் சொன்னாள்.

சத்தியராஜிடம் சொன்னாள். "சொல்லிடறேன்" என்றார். மறுபடி சொன்னாள். "சொல்லிட்டேன்" என்றார். சொல்லத்தான் செய்தார். வார்டு இன்ஜினியர் உதயகுமாரிடம் சொல்ல, அவர் கான்ட்ராக்டரிடம் சொல்ல, கான்ட்ராக்டர் "ஆவட்டும் சார்" என்று சொல்ல, சொன்னதெல்லாம் சுற்றிச்சுற்றி வந்ததே தவிர தகடு நகரவில்லை. சரி, மன்றக் கூட்டத்திலேயே பேசிவிடுவது என்று சகாயம்மாள் முடிவு செய்தாள்.

கவுன்சிலர்கள் தங்கள் வார்டு குறைகளைப் பேச ஒதுக்கிய வேளைக்கு நேரமில்லா நேரம் என்று பேர். அதைவிடப் பொருத்தமான பேர் யாரும் வைத்துவிட முடியாது. சத்தியராஜ் அவளுக்குத் தாளில் பேச்சு எழுதிக் கொடுத்தார். முதலில் தலைவருக்கு நன்றி. பிறகு அமைச்சருக்கு. பிறகு எளியவளான என்னை அடையாளம் காட்டிய மாவட்டச் செயலாளர் அண்ணன் அவர்களுக்கு. பிறகு மேயர், துணை மேயர், ஆணையர், மண்டலக் குழுத் தலைவர், பகுதி. ஒவ்வொருவருக்கும் முன்னால் நாலு அடைமொழி. பள்ளம் தாளின் அடியில் கிடந்தது.

அவள் எழுந்து கோயிலில் வாசிக்கிற மாதிரியே நிறுத்தி, ஒரு சொல்லும் முழுங்காமல் வாசித்தாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த வாசிப்பு. மேலே பார்வையாளர் மாடத்திலிருந்து சத்தியராஜும் பகுதியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகுதிக்கு நன்றி சொல்லி முடித்து, "எனது வார்டில்" என்று ஆரம்பித்தாள். மணி அடித்தது. மைக் அணைந்தது. அடுத்த உறுப்பினர் எழுந்து தலைவருக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். "எனது வார்டில், எனது வார்டில்" என்று அணைந்துபோன மைக்கில் இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், "முதல் தடவையா? அப்டித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொன்னாள்.

வரும் வழியில் காரில் சொன்னாள். "அடுத்த கூட்டத்துல நான் நேரா பள்ளத்துலர்ந்துதான் ஆரம்பிக்கப் போறேன்."

"பைத்தியமா நீ? பேரை உட்டா மாவட்டம் இன்னா நெனைப்பாரு? அடுத்த வாட்டி நம்ம பேரை உட்ருவாரு." வண்டி ஓட்டிக்கொண்டே அவர் திரும்பிப் பார்த்தார். "ஆனா சும்மா சொல்லக்கூடாது, பகுதிக்கே கண்ணு கலங்கிடுச்சி, அப்டி வாசிச்ச."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம்தான், ஆனால் யார் மேல் என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் மழை வந்துவிட்டது. கார்த்திகை மாசத்தில் இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. அந்த இரண்டாம் நாளில்தான் மாவட்டத்தின் மகன் கல்யாணம், சென்னீர்குப்பத்தில் ஒரு பெரிய மண்டபத்தில். பெங்களூர் நெடுஞ்சாலை நெடுக பேனர். கவுன்சிலர்கள் எல்லோரும் வந்து மேடையேறி போட்டோவில் நிற்க வேண்டும் என்று பேச்சு. சகாயம்மாள் ஓட்டு கேட்டபோது கட்டிய அதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, அடிக்கரை நனைய நனைய மண்டபத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தியராஜ் பக்கத்து நாற்காலி.

நாதஸ்வரத்துக்கு நடுவே அவர் பையில் போன் அடித்தது. எடுத்தார். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, "வணக்கம், கவுன்சிலர் பேசறேன்... ஆ, சொல்லும்மா... ஆமாமா... கவலப்படாத, ஆள அனுப்பறேன்" என்றார்.

"யாருங்க?" என்று கேட்டாள் சகாயம்மாள்.

"ஒண்ணுமில்ல, ரோடு மேட்டரு."

அவர் உடனே உதயகுமாருக்கு அடித்தார். அதை அவள் பார்த்தாள். இன்ஜினியர் எங்கோ மழைத்தண்ணியில் நின்றிருப்பார், எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அடிக்கிற நேரத்தில் மேடையிலிருந்து பகுதி கை காட்டினார். "வட்டம்! தங்கச்சிய இட்டுகினு வாய்யா, மாவட்டம் கூப்டறாரு!" சத்தியராஜ் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். போட்டோ எடுத்தார்கள். பிரியாணி சாப்பிட்டார்கள். மாவட்டம் சத்தியராஜின் தோளில் கைபோட்டு எதையோ சொல்ல, அவர் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். ரோடு மேட்டர் அவர் மனசை விட்டே போய்விட்டது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, மறந்துவிட்டார். மறக்கிற மாதிரிதான் அந்த மண்டபமே இருந்தது.

மேனாம்பேட்டுக்கு அவர்கள் திரும்பியபோது விளக்கு வைக்கிற வேளை. கொடிக்கம்பத்தருகே கூட்டம் நின்றது. யாரோ ஒருவன் ஓடிவந்து கார் கண்ணாடியைத் தட்டி, "ஜமீலாக்கா பொண்ணு பள்ளத்துல உழுந்துட்ச்சிண்ணா" என்றான்.

தெரு முழுக்கத் தண்ணீர் நின்றதில் பள்ளம் எது, பாதை எது என்று தெரியவில்லை. வேலை விட்டு வந்த சபீனா வழக்கமாகப் போகிற சுவரோரம் என்று நினைத்து ஓட்டி, வண்டியோடு உள்ளே போய்விட்டாள். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் அடிபட்டிருந்தன. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர வழியில்லாததால் ஒரு கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்து நாலு பேர் மெயின் ரோட்டுக்குத் தூக்கிப்போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜமீலா தரையில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையோடு சகாயம்மாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜமீலா அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"காலைலயே போன் பண்ணேனே சகாயம். தண்ணி ரொம்பிட்ச்சி, பள்ளம் தெரியல, எதுனா குறுக்க போட சொல்லுன்னு. உன் நம்பருக்குத்தான்டி பண்ணேன்."

"நான் எடுக்கலடி."

"உன் நம்பருதானடி?"

சகாயம்மாளின் நம்பர்தான். ஜமீலாவின் போனில் இன்னும் 'சகாயம் எக்ஸ்போர்ட்' என்றுதான் பதிந்திருந்தது. அந்தப் போன் வந்தபோது தான் ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எப்படிச் சொல்வாள்? ஜமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை திருப்பிப் பிடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை.

மறுநாள் காலையில் சத்தியராஜ் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவள் கையை நீட்டினாள். "என் நம்பர குடுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் கண்களும் வீங்கியிருந்தன. சபீனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கட்சி ஊர்வலம் காட்டியவர் அவர். "இன்னொரு வாட்டி அடிச்சிருக்கணும்மா" என்றார். "மேடைல கூப்ட்டானுங்களா..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அவள் முதல் வேலையாக உதயகுமாரைக் கூப்பிட்டாள். "சார், நான் கவுன்சிலர் பேசறேன்."

"அம்மாவா? சொல்லுங்கம்மா. சார் இல்லீங்களா?"

"நான்தான் பேசறேன். அந்தப் பள்ளத்துக்கு இன்னிக்கே தகடு போடணும்."

"கண்டிப்பா பாக்கறேம்மா. சார ஒரு வார்த்த பேச சொல்லுங்க."

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வார்டு ஆபீசுக்கே நேரில் போனாள். உதயகுமார் எழுந்து நின்றார், மின்விசிறியைத் தன் பக்கம் இருந்து அவள் பக்கம் திருப்பிவைத்தார், டீ வரவழைத்தார். "மேலிடத்துல கேட்டுகினு சொல்றேம்மா" என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்தாள். மெயின் ரோட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஜே.சி.பி. ஆட்களிடம் போய் நின்று, தகட்டைக் காட்டிச் சொன்னாள். அவர்களில் மூத்தவன் துலுக்கானம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தே பேசினான்.

"போட்றலாம்மா. நமக்கு இன்னா? அண்ணாத்தேவ ஒரு போன் அடிக்க சொல்லு, அஞ்சி நிமிசத்துல போட்றலாம்."

மற்ற போன்களும் வந்துகொண்டேதான் இருந்தன. ஒரு குரல் "அண்ணன் இல்லியா?" என்றது. ஒரு குரல் "அப்பால பண்றேன்மா" என்று வைத்துவிட்டது. ஒருவர் அவளிடம், "கவுன்சிலர் எத்தினி மணிக்கு வருவாரு?" என்று கேட்டார். நான்தான் கவுன்சிலர் என்றாள். "அது தெரியும்மா. அவர் எப்ப வருவாரு?" என்றார் அவர்.

மாலையில் அவளே ஒரு முருங்கைக் கிளையை ஒடித்து, சிவப்புத் துணி கட்டி, ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் கல் போட்டு நிறுத்தி, பள்ளத்தருகே வைத்துவிட்டு வந்தாள். கவுன்சிலராகி அவள் தானே செய்து முடித்த வேலை அது ஒன்றுதான். அதுவும் மறுநாள் மழையில் சாய்ந்துவிட்டது. போய் நிமிர்த்தினாள். மறுபடி சாய்ந்தது. தகட்டைப் பற்றி சத்தியராஜிடம் சொல்லக் கூடாது என்று அவளுக்குள் ஒரு வீம்பு வந்திருந்தது. இந்த ஒன்றையாவது தான் சொல்லி நடக்க வேண்டும். ஜமீலாவிடம் வாய்விட்டுச் சொன்னது அவள்தானே? அவரும் போன் பக்கமே பார்க்காமல், அது அடிக்கும்போதெல்லாம் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்த் திரும்ப, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் முடியும் முன் ஜமீலாவிடமிருந்து போன் வந்தது. சகாயம்மாள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஜமீலா, நான்தான்டி. சொல்லு."

"சபீனாவ இன்னிக்கி ஊட்டுக்கு இட்டுகினு போ சொல்லிட்டாங்கடி. ஆப்ரேசன் ஆயிட்ச்சி. ஆனா குந்த வெக்கக் கூடாதாம், மடக்கக் கூடாதாம், ஆடக் கூடாதாம். படுத்தமேனிக்கே போவணும். ஆம்புலன்ஸ் ஊட்டு வாசலுக்கு வந்தாத்தான் உண்டு." ஜமீலாவின் குரல் தேய்ந்துபோயிருந்தது. "பள்ளம் அப்டியேதான கீது?"

"நான் இப்பவே போயி சொல்றேன்டி. அவனுங்க கால்ல உழுந்தாச்சும்..."

"சகாயம்" என்று தடுத்தாள் ஜமீலா. "நீ சொல்லி ஆவாதுடி. நீ அலைஞ்சதெல்லாம் நான் கேள்விப்பட்டேன். உன்மேல எனுக்கு ஒண்ணும் இல்ல. கோச்சுக்காத. கொஞ்சம் அண்ணன்கிட்ட குடுடி."

சகாயம்மாள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். வேறு யாராவது கேட்டிருந்தால் தர மாட்டேன் என்றிருப்பாள். வீம்பாக நின்று, இன்னும் நாலு படி ஏறி இறங்கியிருப்பாள். ஆனால் சபீனா படுத்தபடி காத்திருக்கிறாள். அவளுடைய முதுகெலும்பில் வைத்துத் தன் வீம்பைப் பார்க்க முடியுமா? அவள் கூடத்துக்குப் போய் சத்தியராஜிடம் நீட்டினாள்.

அவர் ஜமீலாவிடம் தணிந்த குரலில் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு அதே போனிலிருந்து உதயகுமாரைக் கூப்பிட்டார். நாற்காலியில் நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். எதற்கு, யாருக்கு, எந்த வேளையில் என்றெல்லாம் அந்த நாக்குக்குத் தெரியவில்லை. "வணக்கம், கவுன்சிலர் பேசறேன்" என்றார். "சொல்லுங்க சார்" என்று உடனே வந்த பதில் நின்றிருந்த சகாயம்மாளுக்கும் கேட்டது.

மதியத்துக்குள் ஜே.சி.பி. வந்தது. துலுக்கானம் தகட்டைப் பள்ளத்தின்மேல் இறக்கி, காலால் தட்டிப் பார்த்து, சுற்றிலும் மண் போட்டு அணைத்தான். அவ்வளவுதான் வேலை. இவ்வளவுதானா, இவ்வளவுக்காகவா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சகாயம்மாள் நின்றாள்.

ஆம்புலன்ஸ் மெதுவாக முனையில் திரும்பி, தகட்டின்மேல் சத்தத்தோடு ஏறி இறங்கி, ஜமீலாவின் வாசலில் போய் நின்றது. சபீனாவைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். சகாயம்மாள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். சபீனா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "ஆன்ட்டி" என்றாள். கட்டிலில் கிடத்திப் போர்த்திவிட்டுக் கிளம்பும்போது ஜமீலா வாசல்வரை வந்தாள்.

"அண்ணனுக்கு ரொம்ப தேங்ஸுன்னு சொல்லுடி. அவரு இல்லன்னா இன்னிக்கி எம்பொண்ண எப்டி ஊடு சேத்திருப்பேன்?"

"சொல்றேன்டி" என்றாள் சகாயம்மாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். சத்தியராஜ் தலையைக் குனிந்துகொண்டார். போனை மேஜைமேல் அவளுக்காக எடுத்து வைத்திருந்தார். அவர்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடித்தது. அவர் எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள், யார் என்று பார்க்காமலே அவரிடம் நீட்டினாள்.